என்னை யாரென்று அறிமுகம் செய்வீர்கள்?

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பட்டத்துக்கு,

முதலில் ஒரு திருத்தம். ஆலை விழாவில் பேச மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டதாக உங்கள் பக்கம் பேச்சு அடிபடுகிறது என்று எழுதியிருந்தாய். உன்னைத் தம்பட்டம் என்று கூப்பிடுவது வீண்போகவில்லை. நான் அப்படிச் சொல்லவில்லை. சில கேள்விகள் கேட்டேன், அவ்வளவுதான். கேள்வி கேட்பவர்களை முரண்டு பிடிப்பவர்கள் என்று முடிவுகட்டுவது அந்தக் காகித ஆலைக்குப் புதிதல்ல. உன் அண்ணன் இருந்தால் சொல்லியிருப்பார்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படியைப் பார்த்தாலே வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். பார்க்காதே. என் இரத்த அழுத்தம் மருத்துவர் சொல்வதைக் கேட்கிறது. காதுதான் யார் சொல்வதையும் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். போன வாரம் ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். நினைவு விழாக் குழுவின் செயலாளராம். பாய்லர் வெடித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது என்பதால், இறந்தவர்கள் பெயரைப் பொறித்து ஆலை வாசலில் ஒரு கல் வைக்கப் போகிறார்களாம். குடும்பங்களின் சார்பில் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும்மா. எல்லாரும் நெகிழ்ந்துடுவாங்க."

"பத்து நிமிஷமா, ரெண்டு வார்த்தையா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விவரங்களை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். "போன்லயே சொல்லிடலாமேம்மா, எதுக்கு லெட்டர் எல்லாம்?" என்றார். எனக்குக் காது மந்தம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். எனக்குள் வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்தே என் உத்தியோக காலம் முழுவதும் போயிற்று. ஊரே என் குரலைக் கேட்டது. அதில் என் சொந்த வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. வண்டி வருகிறது, வண்டி தாமதம், வண்டி ரத்து. பாய்லர் வெடித்த சத்தம் கேட்டபோதும் ஏதோ ஒரு வண்டியின் தாமதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அறிவிப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இப்போது எனக்கென்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு அடிக்கடி திறந்துகொண்டு உற்பத்தியைக் கெடுத்ததால் அதைக் கம்பி போட்டுக் கட்டியவர் பாய்லர் என்ஜினியர் என்று விசாரணையில் எழுதினார்கள். கட்டியது உன் அண்ணன்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று காலை சாப்பிட உட்கார்ந்தபோது அவர் என்னிடம் சொன்னதை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. "எழுத்துல உத்தரவு குடுங்க, கட்டறேன்னு சொன்னேன். வாயாலதான் சொல்றாங்க. நான் கட்டலைன்னா அந்தக் கத்துக்குட்டியை விட்டுக் கட்டச் சொல்லுவாங்க. நான் பக்கத்துல இருந்தாலாவது பார்த்துப்பேன்."

பக்கத்தில்தான் இருந்தார். இறந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் எட்டுப் பேரைப் பலியானவர்கள் என்று எழுதினார்கள், ஒருவரைக் காரணமானவர் என்று எழுதினார்கள். அந்த ஒருவரின் மனைவியை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் ஆலை மாறியிருக்க வேண்டும். அல்லது எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். எது என்று தெரிந்துகொள்ளாமல் படியேற மாட்டேன்.

குளிர் காலம் போகும்வரை ஈரத் தரையில் வெறுங்காலோடு நடக்காதே.

உன் அண்ணி


பிப்ரவரி 8

மதிப்பிற்குரிய விழாக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கேட்டவற்றையும் கேட்க மறந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

மேடைக்கு எத்தனை படிகள், கைப்பிடி உண்டா? மைக் நிறுத்தி வைப்பதா, கையில் பிடிப்பதா? கையில் பிடிப்பது என்றால் காகிதத்தை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். மற்றவர்கள் பேசும்போது நான் மேடையிலேயே உட்கார வேண்டுமா? எனக்குக் காது சரியாகக் கேட்காது. கேட்காததற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது.

எனக்கு முன்னால் பேசுபவர் யார், பின்னால் பேசுபவர் யார்? பின்னால் வருபவர் முக்கியம். நான் எழுதி வைப்பதை அவர் துடைத்துவிட்டுப் போக முடியும். கேட்க வருகிறவர்கள் யார்? அதிகாரிகள் மட்டுமா, அல்லது அன்று வேலையில் இருப்பவர்களையும் அனுமதிப்பீர்களா? பாய்லர் பகுதி ஆட்கள் வர முடியுமா?

என் உரையை முன்கூட்டியே பார்க்க விரும்புவீர்களா? விரும்பினால் அனுப்புகிறேன். ஒரு சொல்லைத் திருத்தினாலும் வர மாட்டேன். பதிவு செய்வீர்களானால் வெட்டாமல் வைத்திருப்பீர்களா?

என்னை யாரென்று அறிமுகம் செய்வீர்கள்? மேடையில் வாசிக்கப் போகும் வாக்கியங்களை அப்படியே எழுதி அனுப்ப வேண்டுகிறேன். கான்வென்ட் பள்ளியில் எனக்கு மேடைப் பேச்சு சொல்லிக்கொடுத்த மதர், அறிமுகத்தில் தவறு இருந்தால் பேச்சு முழுவதும் வேறொருவருடையதாகிவிடும் என்பார்.

கடைசியாக, கல்லில் பொறிக்கப் போகும் பெயர்கள் எவை?

பதிலை எதிர்பார்க்கும்,
தங்கள் உண்மையுள்ள


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் பரவாயில்லை. மருமகள் ஏதோ தைலம் வாங்கித் தந்தாள். வலி போகவில்லை, வாசனை மட்டும் வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தனி ஆளுக்கு என்ன சமையல் என்று ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

செயலாளருக்கு எழுதிய கேள்விகளை எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தீர்களே, படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணன் உங்களை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோதே, "இந்த வீட்டுல எத்தனை பேர் படிப்பீங்க?" என்று எங்கள் அம்மாவைக் கேட்டவர்தானே நீங்கள். "டேய், பொண்ணைக் கூட்டிட்டு வந்தியா, கணக்கெடுக்க ஆளைக் கூட்டிட்டு வந்தியா?" என்று அம்மா அண்ணனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

சும்மா இருக்க முடியாமல் நேற்று ஆலை வாசல்வரை போய் வந்தேன். புதுக் கூடம் நன்றாக இருக்கிறது. மேடைக்கு மூன்று படிதான், பக்கத்தில் கம்பி உண்டு. கல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். காவலாளியிடம், "கொஞ்சம் தூக்கிப் பார்த்துக்கட்டுமா தம்பி?" என்றேன். "எழுத்து இன்னும் வெட்டலைம்மா, வெறும் கல்லு. அதுல என்னத்தைப் பார்ப்பீங்க?" என்றான். வெறும் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வழவழவென்று கறுப்பாக இருந்தது. அண்ணன் பெயர் எந்த இடத்தில் வரும் என்று கையால் தடவிப் பார்த்தேன்.

இன்னொரு சேதி. என் பிள்ளையை, நம் இன்ஸ்பெக்டரை, விழாக் குழுவில் போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில், "இந்தக் குழாய் எங்க போகுது? அது ஏன் சத்தம் போடுது?" என்று மாமாவைத் துளைத்தெடுத்து அந்தப் பெயரை வாங்கியவன், இப்போது ஷிஃப்ட் பொறுப்பாளர். பழைய விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று சேர்த்தார்களாம். ஆனால் இப்போது மேலே இருப்பவர்களுக்கு அவன் யாருடைய மருமகன் என்று தெரியாது. "தெரியாம இருக்கறவரைக்கும் நல்லதும்மா" என்கிறான். ஆண் பிள்ளைகளின் வீம்பு.

அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு கேட்க வேண்டாம். கேட்டால் யோசிப்பார்கள். யோசித்தால் பயம் வரும். பயம் வந்தால் வேண்டாம் என்பார்கள். கூப்பிட்டார்களா, சரி என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஏறுங்கள், சொல்லுங்கள், இறங்குங்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டுகிறேன்.

உங்கள் வருகைக்கு அறையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்ட,
தம்பட்டம்


மார்ச் 5

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் நலம் விழைகிறோம். தங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு அக்கறையோடு எழுதியமைக்கு நன்றி.

மேடைக்கு மூன்று படிகள், கைப்பிடி உண்டு. மைக் நிறுத்தி வைக்கப்படும். தாங்கள் பேசும் நேரம் வரை முன் வரிசையில் அமரலாம். தங்களுக்கு முன்னால் தொழிற்சங்கத் தலைவரும், பின்னால் எங்கள் பொது மேலாளரும் பேசுவார்கள். உரையை முன்கூட்டியே அனுப்பத் தேவையில்லை. தங்களைப் போன்றவர்களின் சொற்களில் திருத்த என்ன இருக்கிறது?

தாங்கள் கேட்டபடி அறிமுக வாசகம் வருமாறு: "காகிதக் கூழ்ப் பிரிவு மேற்பார்வையாளராகப் பணியாற்றி, விபத்து நாளில் சக தொழிலாளர்களை வெளியேற்றிவிட்டுத் தம் உயிரை ஈந்த மாவீரரின் துணைவியார் இப்போது நம்மிடையே பேசுவார்."

தங்கள் கணவரின் பெயர் கல்லில் இருக்கும், ஐயம் வேண்டாம். இது தொடர்பாகத் தங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தாங்கள் பெயர்களைக் கேட்டதால் பட்டியலை மறுபடி சரிபார்த்தோம். அதில் தங்கள் கணவரின் பெயர் தவறுதலாக இருமுறை இடம் பெற்றிருந்தது. குழு உறுப்பினர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி ஒன்றை நீக்கினார். கல் வெட்டிய பிறகு தெரிந்திருந்தால் பெரிய சங்கடமாகியிருக்கும்.

அன்புடன்,
செயலாளர்


மார்ச் 9

அன்புள்ள தம்பட்டத்துக்கு,

அறையைச் சுத்தம் செய்வதை நிறுத்து. முழங்காலை வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறியிருப்பாய், எனக்குத் தெரியும்.

செயலாளரின் கடிதத்தைப் பார்த்து எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படித்ததும் உனக்கும் புரியும். ஆலையில் உன் அண்ணன் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார் அல்லவா? பாய்லர்க்காரர், கூழ்க்காரர் என்று முன்னால் சேர்த்துத்தான் இருவரையும் கூப்பிடுவார்கள். இருவருமே அன்று போனார்கள். கூழ்க்காரரின் மனைவி போன வருடம் காலமானார். அவரைத் தேடியவர்களுக்கு நான் கிடைத்திருக்கிறேன்.

ஆக, ஆலை மாறவில்லை. ஆளை மாற்றிக் கூப்பிட்டிருக்கிறது.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த அறிமுகத்தை வாசித்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். மாவீரரின் துணைவியாகவே மேடையேறி, மைக் கைக்கெட்டியதும் என் வாக்கியத்தைச் சொன்னால் என்ன என்று தோன்றியது. சொல்லியும் பார்த்தேன். குரல் இன்னும் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். ஆனால் இன்னொருத்தியின் இடத்தில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? முதல் வரியிலேயே என்னைப் பிடித்துவிடுவார்கள். பிடிக்காவிட்டாலும் எனக்குத் தெரியும்.

இதைவிட இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. பட்டியலில் ஒன்பது பெயர் இருந்திருக்கிறது. விவரம் தெரியாத யாரோ, இறந்தவர்கள் அத்தனை பேரையும் எழுதியிருக்கிறார்கள். உன் அண்ணன் பெயர் இருந்திருக்கிறது. நான் கேட்டதால்தான் எடுத்திருக்கிறார்கள். கேட்காதீர்கள் என்று நீ எழுதினாய். சரி, நீ சொன்னது நடந்துவிட்டது, வைத்துக்கொள்.

கல் இன்னும் வெட்டப்படவில்லை என்கிறாய். நேரம் இருக்கிறது. இன்ஸ்பெக்டரிடம் சொல். அது ஒரே ஆளின் பெயர் அல்ல, இரண்டு ஆட்களின் பெயர் என்று குழுவில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா என்று சொல்ல வேண்டாம், பாய்லர் என்ஜினியர் என்று சொன்னால் போதும். பெயரை நீக்கச் சொன்ன உறுப்பினர் யார் என்றும் கேட்டு எழுது. அவருக்கும் நான் விளக்கமாக எழுதுகிறேன். பாவம், தெரியாமல் செய்திருப்பார்.

உன் பதிலுக்குப் பிறகுதான் செயலாளருக்கு எழுதுவேன். சீக்கிரம் எழுது.

உன் அண்ணி


மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, நீங்கள் மத்தியானத்தில் வெளியே போகாதீர்கள்.

நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அண்ணி, தயவுசெய்து செயலாளருக்கு எழுதாதீர்கள். நான் யோசித்துப் பார்த்தேன். கல்லில் அந்தப் பெயர் ஒரு முறை இருக்கத்தானே போகிறது? அது கூழ்க்காரர் பெயர் என்று யார் சொன்னது? பெயருக்குக் கீழே பிரிவு போடுவதில்லையாம், விசாரித்தேன். நாம் அதை அண்ணன் பெயர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் வீட்டில் வந்து கேட்க யாரும் மிச்சமில்லை. நான் போய்த் தொட்டுப் பார்த்தால் அது அண்ணன்தான். நீங்கள் வந்து தொட்டாலும் அண்ணன்தான்.

வந்து பேசுங்கள், அல்லது பேசாமல் சும்மா உட்கார்ந்திருங்கள். எழுதி மட்டும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்ஸ்பெக்டருக்கு வேலை அதிகம். வீட்டுக்கு வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. ஜூலையில் அவனுக்குப் பதவி உயர்வு இருக்கலாம் என்று பேச்சு. குடியிருப்பில் பெரிய வீடாகக் கிடைக்கும், கீழ்த்தளம், படியேற வேண்டாம். மருமகள் ஜன்னலுக்கு என்ன நிறத் துணி போடலாம் என்று இப்போதே கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பட்டம்


மார்ச் 22

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் அறிமுக வாசகத்தில் ஒரு பிழை இருக்கிறது. நான் கூழ்ப் பிரிவு மேற்பார்வையாளரின் மனைவி அல்ல. அவர் நல்ல மனிதர். அவர் மனைவியும் எனக்குத் தெரிந்தவர்தான், இப்போது இல்லை. நான் பாய்லர் என்ஜினியரின் மனைவி. இருவருக்கும் ஒரே பெயர். இருவரும் அன்றே இறந்தார்கள்.

எனவே பட்டியலில் பெயர் இருமுறை இருந்தது பிழை அல்ல. நீக்கியதுதான் பிழை. கல் வெட்டும் முன் அதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் கணவரைப் பற்றி விசாரணையில் என்ன எழுதினார்கள் என்பதைத் தாங்கள் இனிமேல்தான் தேடிப் படிப்பீர்கள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன்: வால்வைக் கட்டியவர் என்று எழுதினார்கள். அவர் எழுத்தில் உத்தரவு கேட்டார், கொடுக்கவில்லை என்பதை எழுதவில்லை. நான் மேடையில் சொல்ல இருந்தது இது ஒன்றுதான். இவ்வளவும் தெரிந்த பின்னும் என்னை அழைப்பதாக இருந்தால் வருகிறேன். அறிமுகத்துக்கு ஒரு வாக்கியம் போதும்: "இவர் பாய்லர் என்ஜினியரின் மனைவி."

பெயரை நீக்கச் சொன்ன குழு உறுப்பினர் யார் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள


ஏப்ரல் 16

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் நலம் விழைகிறோம். பதில் தாமதமானதற்கு வருந்துகிறோம்.

நேர நெருக்கடி காரணமாக நிகழ்ச்சி நிரல் மாற்றியமைக்கப்பட்டுள்ளது. குடும்பத்தார் உரைக்குப் பதிலாக ஒரு நிமிட மௌன அஞ்சலி நடைபெறும். தாங்கள் விரும்பினால் பார்வையாளராகக் கலந்துகொள்ளலாம்.

கல்லில் எழுத்து வெட்டும் பணி நிறைவடைந்துவிட்டது. தங்கள் கடிதம் குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டது. பழைய விவரங்களை நன்கு அறிந்த உறுப்பினரே பட்டியலைச் சரிபார்த்து உறுதி செய்திருப்பதால் அதில் மாற்றம் இல்லை.

நன்றி.
செயலாளர்


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பட்டத்துக்கு,

உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. முழங்கால் படுக்கையில் தள்ளிவிட்டதா? தொலைபேசியில் அழைத்தேன், மருமகள் எடுத்து நீ குளிக்கிறாய் என்றாள். மறுநாளும் குளித்தாய்.

பத்து நிமிடம் தருவதாகச் சொன்னவர்கள் ஒரு நிமிடம் ஆக்கியிருக்கிறார்கள். அதிலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமாம். உன் அண்ணன் இருந்திருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

நான் வரவில்லை. மௌனமாக இருக்க அவ்வளவு தூரம் பயணம் செய்வானேன், இங்கேயே நன்றாக வருகிறது. நீ போவாய் என்று தெரியும். போய்ப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது. பழைய விவரங்களை நன்கு அறிந்த உறுப்பினர் யார் என்று உனக்குத் தெரிந்தால் அதையும் எழுது. பழைய ஆட்களில் இப்போது அங்கே யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஒருவர்கூடத் தோன்றவில்லை.

உன் சௌக்கியத்தை முதலில் எழுது.

உன் அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா?

விழா நடந்தது. நல்ல வெயில். கூடத்துக்கு வெளியேயும் நாற்காலி போட்டிருந்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பாய்லர் பகுதி ஆட்கள் யாரையும் விடவில்லை, ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, பொது மேலாளர் இருமிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தார்ப்பாயை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். அதை விலக்கியது நம் பையன்தான். செயலாளர் மைக்கில் சொன்னார்: "பட்டியலில் இருந்த பிழையைக் கண்டுபிடித்து ஆலையின் மானத்தைக் காப்பாற்றியவர் இவர்." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், "உங்க பையனா? எவ்வளவு பொறுப்பா இருக்கான்!" என்றாள். நானும் தட்டினேன் அண்ணி. கை தானாகப் போயிற்று.

கல்லில் எட்டுப் பெயர். அழகாக வெட்டியிருக்கிறார்கள். எல்லோரும் போன பிறகு நான் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். அண்ணனாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஏன்டா?" என்று கேட்டேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒரே பேரு ரெண்டு தடவை இருந்துதும்மா. அவ்வளவுதான்" என்றான். பிறகு சாப்பிட உட்கார்ந்தான். நானும் பரிமாறினேன்.

ஜூலையில் வீடு மாறுகிறோம். புது முகவரி அனுப்புகிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 9

அன்புள்ள மருமகனுக்கு,

நீ, உன் மனைவி, குழந்தைகள், உன் அம்மா எல்லோரும் நலமாக இருக்க விரும்புகிறேன். நான் உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். உன் அம்மாவை எதுவும் கேட்காதே. அவள் எழுதாமல் விட்டவற்றை நான்தான் படித்துக்கொண்டேன்.

உன் பதவி உயர்வுக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன். செயலாளருக்கு இனி எழுதப் போவதில்லை. கல் வெட்டியாகிவிட்டது. இன்னொரு முறை என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடப் போவதும் இல்லை, கூப்பிட்டாலும் அதுவரை நான் உயிரோடு இருக்கவும் மாட்டேன். ஆகவே நீ எழுதப்போகும் பதிலால் எதுவும் மாறாது. பயப்படாமல் எழுதலாம்.

ஒரே பெயர் இரண்டு முறை இருந்ததால் எடுத்தேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்தக் குழுவில் அது இரண்டு ஆட்களின் பெயர் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். மாமாவின் தோளில் உட்கார்ந்து பாய்லரின் கண்ணாடித் துவாரத்தில் நெருப்பைப் பார்த்தவன். அவரை நீ கேட்காத கேள்வி இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு ராத்திரி என்னிடம், "அந்தப் பயல் என்னை விசாரணைக் கமிஷன்ல நிக்க வச்ச மாதிரி கேக்கறான்" என்பார். அவரை உண்மையில் விசாரித்தவர்கள் அதில் பாதிகூடக் கேட்கவில்லை.

நான் உன்னை ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பெயரை எடு என்று மேலே இருப்பவர்கள் யாராவது உன்னிடம் வாயால் சொன்னார்களா? அல்லது யாரும் சொல்லாமல் நீயாகவே எடுத்தாயா?

சொன்னார்கள் என்றால் உன் மாமாவுக்கு நடந்ததுதான் உனக்கும் நடந்திருக்கிறது. உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது. நீயாகவே எடுத்தாய் என்றால் அதையும் நான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். நேரில் வரவும் வேண்டாம். ஒரு வரி போதும். பதிலை எழுத்தில் அனுப்பு.

உன் அத்தை